என் பொகைக்குப் போட்ட சைபர்

ஒக்காருங்க, ஒக்காருங்க. பெருந்துறைக்குத்தானுங்க? நானும் அங்கதான். இந்த வண்டி சென்னிமலை சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிரும். அதுவரைக்கும் வாயை மூடிட்டு வந்தா எனக்குத் தலைவலி வந்துருமுங்க. அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கப்படாது. பாத்தாப் படிச்சவராட்டத் தெரியறீங்க. பொகையை எப்படிங்க அளக்கறது?

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. போன ஐப்பசில நானும் இப்படித்தான் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரமாட்டீங்குது.

எம்பேரு சென்னியப்பன். காங்கயத்துக்கு மேக்கால ஒரு ரைஸ்மில்லுல முப்பத்திரண்டு வருசம் பாய்லர் ஓட்டுனவன். ஓட்டறதுன்னா பஸ்ஸு ஓட்டறாப்பல இல்லீங்க. நெல்லை அவிக்க நீராவி வேணும், நீராவிக்குத் தண்ணி கொதிக்கோணும், தண்ணி கொதிக்கத் தீ நிக்கோணும். அந்தத் தீ எங்கையில. ரெண்டாங் கிளாஸ் பாய்லர் சர்டிபிகேட்டு வெச்சிருக்கறனுங்க. கவர்மெண்டு பரீச்சை எழுதிப் பாஸ் பண்ணுனது. மூணாவது தடவைல.

எங்க மில்லு பொகைக்கூண்டு தொண்ணூறு அடி. நான் தீயை மூட்டி நம்ம பொகை எந்திரிச்சுதுன்னா அந்தப் பக்கம் படியூர்க்காரனுக்குத் தெரியும், சென்னியப்பன் வேலைக்கு வந்துட்டான்னு. எஞ்சம்சாரம் பாவாயி கொடில துணி காயப் போட்டா ஒவ்வொரு துணிலயும் பொட்டுப் பொட்டாக் கரி ஒக்காந்திருக்கும். அவ என்னையத் திட்டிக்கிட்டே மறுக்கா அலசுவா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும். வேலை செய்யறவன் வீடு எப்படியிருக்குமோ அப்படித்தானுங்க இருக்கோணும்.

போன ஐப்பசில எங்க மொதலாளிக்கு ஒரு லெட்டரு வந்துது. தமிழ்நாட்டுல இருக்கற ஆலை, பட்டறை, சூளை எல்லாம் சேந்து வருசத்துக்கு எத்தனை டன் கரியமில வாயுவை மேல உடுதுன்னு கணக்கெடுக்கறாங்களாம். சிமிட்டி, இரும்பு, சாயம், செங்கல்லு, நம்மாட்ட அரிசி, எதையும் உடறதில்லையாம். ஆள் அனுப்பறோம், ஒத்துழைப்புக் குடுங்கன்னு போட்டிருந்துது. எங்க மொதலாளி பேரு தங்கமுத்து. நல்ல மனுசன், ஆனா கவர்மெண்டு முத்திரையைப் பாத்தாலே பயம் அவருக்கு. லெட்டரைப் படிச்சு முடிச்சுட்டு என்னையக் கூப்புட்டு, "சென்னியப்பா, ஆபீசர் உமியை எடுத்து வெய்யி"ன்னாரு.

ஆபீசர் உமின்னா உங்களுக்குத் தெரியாது. சொல்றேன். நெல்லு அரைச்சா உமி வருதல்லங்க, முந்தியெல்லாம் அதைத்தான் முச்சூடும் பாய்லர்ல போட்டுக்கிட்டிருந்தோம். அப்பறம் உமிக்குக் கிராக்கி வந்துருச்சு. கோழிப்பண்ணைக்காரன் லாரியே கொண்டாந்து அள்ளிட்டுப் போறான். பாதி உமி இப்படிப் போயிருதா, அப்பப் பாய்லருக்கு மீதி வயித்துக்கு என்ன போடறது? திருப்பூர்ல பனியன் வெட்டுனா மிஞ்சற துண்டுத்துணி இருக்குது பாருங்க, வேஸ்ட்டு, அது டெம்போவுல வந்து எறங்கும். மழைக்கு அது நமுத்துப் போயிருந்துதுன்னா மேல ரெண்டு துண்டு பழைய டயரு. டயர் போட்டா தீ நெம்ப அழகா எந்திரிக்குமுங்க. நீங்க பாத்ததில்லையே, பாக்கோணும்.

இதையெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதறதில்லை. ரிஜிஸ்டர்ல 'உமி எட்டு டன்', அவ்வளவுதான். நேத்தும் எட்டு, இன்னிக்கும் எட்டு. தீவாளிக்கு மில்லு லீவு, அன்னிக்கும் எட்டு. ஒரு ஞாயித்துக்கெழமை வெத்தலையைப் போட்டுட்டு ஒக்காந்தேன்னா ஒரு மாசத்தை எழுதிப் போடுவேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

ஆனா ஆபீசருங்க வந்தா அண்ணாந்து பொகையைப் பாப்பாங்கல்லங்க. அதுக்குன்னு மொறுமொறுன்னு காஞ்ச உமி அம்பது மூட்டை தார்ப்பாய் போட்டு மூடித் தனியா இருக்கும். அதுதான் ஆபீசர் உமி. கேட்டுல வாட்ச்மேன் ரெண்டு தடவை பெல்லடிச்சா, நான் பனியனை இழுத்து வெளிய தள்ளிப்போட்டு அந்த உமியை உள்ள உடுவேன். அவங்க மொதலாளி ரூம்புல டீயைக் குடிச்சுப்போட்டு வெளிய வர்றப்பப் பொகை வெள்ளையா, சாமி ரூம்புல சாம்பிராணி போட்டாப்பல போய்க்கிட்டிருக்கும். இருபது வருசமா எந்த ஆபீசரும் எங்க மில்லுப் பொகையோட நெஜ மூஞ்சியைப் பாத்ததில்லை.

கணக்கெடுக்க வந்தது ஒரு அம்மிணிங்க. இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேரு பிளெஸ்ஸி, நாசரேத்துப் பக்கம். ஸ்கூட்டில வந்து எறங்குனா. வாட்ச்மேன் பெல்லடிச்சான், நான் ஆபீசர் உமியை உட்டேன், பொகை வெள்ளையாப் போகுது. அந்தப் புள்ள அண்ணாந்தே பாக்கலைங்க. நேரா வந்து, "அண்ணாச்சி, ரிஜிஸ்டர் இருக்கா?"ன்னு கேட்டுட்டு ஸ்டூலைப் போட்டு ஒக்காந்துட்டா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கருவி கொண்டாருவா, பொகைக்கூண்டுல ஆள் ஏத்துவா, பலூனாட்ட எதையாச்சும் கட்டிப் பொகையைப் புடிப்பான்னு நெனைச்சு நான் ஏணியெல்லாம் தொடைச்சு வெச்சிருந்தேன். கருவி எங்க அம்மிணின்னு கேட்டேன். கருவியெல்லாம் வேண்டாம், வருசத்துல எதை எரிச்சீங்க, எத்தனை டன் எரிச்சீங்கன்னு தெரிஞ்சாப் போதும், நிலக்கரி ஒரு டன்னுக்கு இத்தனை, டீசலுக்கு இத்தனைன்னு வாய்ப்பாடு இருக்குது, பெருக்கிக் கூட்டுனா வந்துருமுன்னா. அப்பக் கூண்டுல இருந்து போறதைப் பாக்க வேண்டாமான்னேன். வேண்டாம்னுட்டா. முப்பத்திரண்டு வருசத்துல என் பொகையைப் பாக்காமப் போன மொத ஆளு அவதானுங்க.

எங்கிட்ட இருந்தது என் முத்து முத்தான ரிஜிஸ்டரு. உமி, உமி, உமி. அவ மடில வெச்சிருந்த கம்ப்யூட்டர் பொட்டியில தட்டிக்கிட்டே வந்தா. கடைசில திரையை எம்பக்கம் திருப்பிக் காட்டுனா. நேரா, வட்டமா, ஒரு சைபரு.

ஏதோ மிசின் கெட்டுப் போச்சுன்னு நெனைச்சேன். மறுக்கா போட்டுப் பாருங்கம்மிணின்னேன். அவ பொறுமையாத்தான் சொன்னா. நெல்லுச்செடி வளர்றப்பக் காத்துல இருக்கற கரியமில வாயுவைக் குடிச்சுத்தான் வளருதாம். அதோட உமியை எரிச்சா, குடிச்சதைத் திருப்பிக் குடுக்கற மாதிரியாம். அடுத்த போகம் அதையே மறுபடி குடிச்சுக்குமாம். அதனால மொத்தக் கணக்குல சேராதாம். நிலக்கரி அப்படியில்லை, பூமிக்கடியில கோடி வருசம் கெடந்ததைத் தோண்டி மேல உடறது, அது கணக்காம்.

"அப்ப எம்பொகை பொகையில்லையா அம்மிணி?"

"பொகைதான் அண்ணாச்சி. ஆனா மொத்தத்துல வராது. தனியா ஓரத்துல ஒரு குறிப்பா எழுதி வைப்போம்."

ஓரத்துல. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் முப்பத்திரண்டு வருசம் தீ முன்னால நின்னு முடியெல்லாம் பொசுங்கி, நெஞ்சுச்சளியோட வீட்டுக்குப் போயிருக்கறான். அவனைக் கொண்டுபோய் ஓரத்துல எழுதுனா எப்படியிருக்கும்?

மொதலாளிக்கு ஒரே சந்தோசம். சைபருன்னதும் காங்கயத்துக்கு ஆள் அனுப்பி மைசூர்பாகு வாங்கியாந்து மில்லு முச்சூடும் குடுத்தாரு. எங்கையில மட்டும் ரெண்டு துண்டு வெச்சு, "எல்லாம் உன்னாலதான் சென்னியப்பா"ன்னாரு. நான் திங்கலைங்க. வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டேன்.

இது இதோட போயிருந்தா ஒண்ணுமில்லை. காத்திகைல ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க வீட்டுல ஒரு காதுகுத்து. அங்க எங்க மாப்ள மயில்சாமி வந்திருந்தான். மாப்ளைன்னா பாவாயியோட தம்பிங்க. பெருந்துறைல ஒரு சாயப்பட்டறைல அவனும் பாய்லர்தான். ஆனா அங்க நிலக்கரி. தெனம் இருபது டன் எரிக்கறான். அவனுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அதையும் தெரிஞ்சுக்குங்க. அவங்க பட்டறைலயும் அந்தப் புள்ளை போய்க் கணக்கெடுத்திருக்கறா. பந்தில எலை போட்டு ஒக்காந்ததும் ஆரம்பிச்சான்.

"எங்களுக்குப் பதினோராயிரத்து அறுநூறு டன்னு வந்துதுங்க மச்சான். உங்களுக்கு?"

பந்தில நாப்பது பேரு. எல்லாரும் சோத்துல கைய வெச்சுக்கிட்டு எம்மூஞ்சியப் பாக்கறாங்க. நான் ரசத்தை ஊத்தச் சொல்லிப் பேச்சை மாத்தப் பாத்தேன். அவன் உடலையே. வாட்ச்மேன் அவன் பங்காளி வேற, எல்லாச் சேதியும் அங்க போயிருக்குது. "சைபராமா மச்சான்? அப்ப மில்லுல தீயே மூட்டறதில்லையா?"ன்னான். ஒரே சிரிப்பு. அவனுக்குப் பாயசம் ரெண்டாந்தரம் ஊத்துனாங்க, எனக்கு ஊத்தலை. அன்னிக்கு ராத்திரி பாவாயி வேற, "அவன் வெளையாட்டுக்குச் சொன்னான், உடுங்க"ன்னு தேத்துனா. பொண்டாட்டி தேத்தறது இருக்குது பாருங்க, அதுதானுங்க தாங்காது.

அப்பத்தான் நான் ரோசனை பண்ணுனேன். நான் என்ன உமி மட்டுமா எரிச்சேன்? அந்தப் பனியன்? அந்த டயரு? அது என்ன நெல்லுச்செடியா?

பாய்லருக்குப் பொறத்தால செவுத்துல நான் கரிக்கட்டைல கோடு போட்டு வெச்சிருந்தேன். ரிஜிஸ்டர்ல எழுதறது மொதலாளிக்கு, செவுத்துல போடறது எனக்கு. ஒரு டெம்போவுக்கு ஒரு கோடு, டெம்போவுக்கு ரெண்டு டன். எண்ணிப் பாத்தேன், அந்த வருசம் நானூத்தி அறுபது கோடு. டயரு ஒரு இருபது டன். அம்மிணி ஏதாவது திருத்தம் இருந்தாக் கூப்புடுங்கன்னு போன் நம்பரு குடுத்துட்டுப் போயிருந்தா. மறுநாள் காலையில கூப்புட்டேன். செவுத்தைப் பாத்து வரிசையாப் படிச்சேன்.

மறுக்கா ஒரு தடவை படிக்கச் சொன்னா. அப்பறம், "அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதீங்களா?"ன்னா. நெசம்னேன். நல்லா ரோசிச்சுச் சொல்லுங்கன்னா. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு, இந்தப் புள்ளை நம்மளைச் சைபர்லயே வெச்சிருக்கப் பாக்குதோன்னு. வந்து பாருங்க, செவுத்துல கோடு இருக்குதுன்னேன். வந்தா. எண்ணுனா. போட்டோப் புடிச்சா. கணக்குப் போட்டா.

அதுலயும் பாருங்க, பனியன்ல பாதி பருத்தியாம். பருத்தி செடியாம். அதனால அதுக்கும் சைபராம். எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. இந்த ஒலகத்துல எதைத்தான் எரிக்கறதுங்க ஒரு மனுசன்? நல்ல வேளை, மீதிப் பாதி பாலியெஸ்டரு. அது பெட்ரோல்ல இருந்து பண்றதாம். அதையும் டயரையும் சேத்துப் பெருக்கிக் கூட்டுனா, ஆயிரத்து நூத்தி ஆறு டன்னு. மாப்ளையோடதுல பத்துல ஒரு பங்கு. பரவாயில்லை, அவன் பட்டறை பெருசு.

அம்மிணி அச்சடிச்சுக் குடுத்த கணக்குச் சீட்டு இதுதானுங்க. பாருங்க, லேமினேசன் பண்ணி வெச்சிருக்கறேன். ஆனா இதுல எங்க மில்லுப் பேரு இருக்குதா? இல்லை. எம்பேரு இருக்குதா? இல்லை. வெறும் ஒரு நம்பரு. ஏன் அம்மிணின்னு கேட்டேன். "இது கணக்குக்கு மட்டும்தான் அண்ணாச்சி. யார் சொன்னாங்கன்னு வெளிய வராது. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க"ன்னா. எனக்கு என்ன பயம்? பேரே வராதுன்னா அப்பறம் எதுக்குங்க அத்தனை பாடு? காதுகுத்துல ஒக்காந்திருந்த நாப்பது பேருக்கு இது எப்படித் தெரியறது?

அன்னிக்கே ஒக்காந்து ஒரு லெட்டரு எழுதுனேன். ஐயா, இன்ன மில்லுல பாய்லர் ஓட்டற சென்னியப்பன் ஆகிய நான், வருசத்துக்குத் தொள்ளாயிரத்து இருபது டன் பனியன் வேஸ்ட்டும் இருபது டன் டயரும் என் கையால எரிக்கிறேன், இது எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லை, இதை எம்பேர்ல பதிஞ்சு ஒரு சான்று குடுக்கோணும்னு. கீழ கையெழுத்து, சர்டிபிகேட்டு நம்பரு எல்லாம் போட்டு, மாவட்டத்துல பொகைக்குன்னு இருக்கற ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனேன். பொகைக்கு அவங்கதானுங்க பெரிய எடம்?

நீங்க ஏன் தலைல கைய வெக்கறீங்க? முழுசாக் கேளுங்க.

தை மாசம் ஒரு செவ்வாக்கெழமை. ரெண்டு ஜீப்பு. வாட்ச்மேன் பெல்லுகிட்டப் போறதுக்குள்ள உள்ள வந்துட்டாங்க. ஆபீசர் உமிக்கு நேரமே இல்லை. மேல பாத்தா கருகருன்னு, அன்னிக்குன்னு அப்படி ஒரு பொகை. நான் பதறலைங்க. வந்தவங்களை வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போய் அடுப்புக் கதவைத் தொறந்து காட்டுனேன். பொறத்தால கூட்டிட்டுப் போய்ச் செவுத்துக் கோட்டையும் காட்டுனேன். பெரிய ஆபீசர் ஒருத்தரு என்னையவே பாத்துட்டு, "லெட்டர் எழுதினது நீங்கதானா?"ன்னாரு. ஆமாங்க, சான்று கொண்டாந்திருக்கறீங்களான்னு கேட்டேன். அவரு என் லெட்டரை மடிச்சுப் பையில வெச்சாரு. பாய்லருக்குச் சீல் வெச்சுட்டு மொதலாளிகிட்ட ஒரு காயிதத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.

மொதலாளி திட்டுவாருன்னு நெனைச்சேன். திட்டலை. களத்து ஓரத்துல அந்த ஆபீசர் உமி மூட்டை மேலயே ஒக்காந்துட்டாரு. "நான் உனக்கு என்ன கொறை வெச்சேன் சென்னியப்பா?"ன்னாரு. நீங்க ஒரு கொறையும் வெக்கலைங்க, அவங்கதான் சைபரு போட்டாங்கன்னேன். அவரு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டு, "நாளையில இருந்து வராத"ன்னுட்டாரு. எனக்கு அப்பத்தானுங்க கண்ணுல தண்ணி வந்துது. முப்பத்திரண்டு வருசம். ஒரு வார்த்தை கூட்டிப் பேசியிருந்தாருன்னா நான் தாங்கியிருப்பேன்.

மில்லு ரெண்டு மாசம் நின்னுபோச்சு. களத்துல நெல்லு காய வெக்கற பொம்பளைங்க பதினெட்டுப் பேருக்கு வேலையில்லை. அதுல ரங்காத்தான்னு ஒருத்தி ஒருநா வீட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ள வரச் சொன்னேன், வரலை. என் சீட்டைக் கேட்டா. குடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல எங்க பதினெட்டுப் பேரு எந்த எடத்துல இருக்கறோஞ்சாமி?"ன்னா. அது ஒண்ணு இன்னிக்கும் உறுத்துது. அவ போனதுக்கப்பறம் ரெண்டு நாளு நான் அந்தச் சீட்டை வெளிய எடுக்கலை. இப்ப மில்லு தொறந்துட்டாங்க, பொகையை வடிகட்டற ஒரு பொட்டியெல்லாம் மாட்டி, வேற ஒரு ஆளைப் போட்டு, வெறும் உமியை எரிக்கறாங்க. ரங்காத்தாளும் வேலைக்குப் போறா. அது வரைக்கும் நிம்மதி.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. மில்லு நின்ன ஒரு மாசத்துல எங்க தெருக்காரங்க திரண்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அடிக்க வர்றாங்கன்னு நெனைச்சு நான் கதவைச் சாத்தப் போனேன். பள்ளிக்கோடத்து ஹெட்மாஸ்டர் முன்னால வந்து எந்தோள்ல ஒரு பொன்னாடையைப் போட்டாருங்க. புள்ளைங்களுக்கு இருமல் நின்னுபோச்சாம். தன் வேலையைப் பத்திக் கவலைப்படாம ஊருக்காகப் பொகையை நிறுத்துன புண்ணியவானாம் நான். கை தட்டுனாங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம். நான் எங்கீங்க பொகையை நிறுத்துனேன்? பொகைக்குப் பேரு வாங்கிக் குடுக்கத்தான போனேன்? ஆனா பொன்னாடையைப் போட்டதுக்கப்பறம் எப்படிச் சொல்றது, தலையை ஆட்டிட்டு ஒக்காந்திருந்தேன்.

பாவாயி அந்தக் கூட்டத்துல சேரலை. அன்னிக்குப் பொழுதோட கொடில இருந்து என் வேட்டியை எடுத்துட்டு வந்தா. வெளிச்சத்துல விரிச்சுப் புடிச்சு ரெண்டு பக்கமும் பாத்தா. "கண்ணாலம் ஆகி இத்தனை வருசத்துல இந்த வேட்டி வெள்ளைன்னு இன்னிக்குத்தானுங்க தெரியுது"ன்னு சொல்லிட்டு மடிச்சு வெச்சா. சந்தோசமாத்தான் சொன்னா. எனக்கு எங்கயோ சுருக்குன்னு தெச்சுது, ஆனா அவ சந்தோசமா இருக்கறப்ப நான் என்ன சொல்றது.

இப்பப் பெருந்துறைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க.

போன வாரம் மாப்ள மயில்சாமி வீட்டுக்கு வந்தான். கையில பூந்திப் பொட்டலம், மல்லிகைப்பூ, ஆப்பிள். நாலு வருசமா வெறுங்கையை வீசிக்கிட்டு வர்றவன். ஒக்காந்தான், தண்ணி குடிச்சான், மழை பேஞ்சுதான்னு கேட்டான். பங்குனில என்ன மழை? நான் கண்டுக்கவே இல்லை. பேப்பரை விரிச்சுப் படிச்சுக்கிட்டிருந்தேன். பாவாயி இட்லி வெச்சா. நாலாவது இட்லிலதான் வாயைத் தொறந்தான்.

அவங்க பட்டறைல சாயம் போடற துணியெல்லாம் சீமைக்குப் போறதாம். அங்க இருக்கற கம்பெனிக்காரன் இந்தக் கரியமிலக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாத்திருக்கறான். பதினோராயிரத்து அறுநூறைப் பாத்ததும் மெரண்டுபோய், இதைக் கொறைச்சாத்தான் இனி உனக்கு ஆர்டருன்னு சொல்லிட்டானாம். பட்டறை மொதலாளி நிலக்கரியை நிறுத்திட்டாரு. அடுப்பை மாத்திட்டாரு. இப்ப என்ன எரிக்கறாங்கன்னு நெனைக்கறீங்க?

உமிங்க.

ஆனா உமியை எரிக்க இவனுக்கு எங்க தெரியும்? நிலக்கரி அள்ளிப் போட்டா நின்னு எரியும். உமி அப்படியில்லை, கொழந்தைக்குச் சோறு ஊட்டறாப்பல கொஞ்சங் கொஞ்சமா உடோணும். ஒரு கை எச்சாப் போனா அமுங்கிப் பொகையும், கொறைஞ்சா அணைஞ்சு போயிரும். சாம்பல் கட்டி தட்டும். பத்து நாளா பிரசர் நிக்கலையாம், சாயம் ஏறலையாம், மேனேஜரு கத்தறானாம். உமி தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வா, இல்லைன்னா நீயும் போயிருன்னுட்டானாம். பாவம், அவன் கண்ணெல்லாம் செவந்து போய் இருந்துது. எனக்கே எரக்கமாத்தான் இருந்துது. இருந்தாலும் மூணு தடவை கேக்க வெச்சேனுங்க. மொத தடவைக்குக் காது கேக்கலைன்னேன். ரெண்டாவது தடவைக்குப் பேப்பரைத் திருப்புனேன்.

மூணாவது தடவை, "நீங்கதான் தலைமை. நான் உங்களுக்குக் கீழ நின்னுக்கறேன் மச்சான்"ன்னான். சமையக்கட்டுல பாவாயி பாத்திரம் கழுவற சத்தம் நின்னுபோச்சு.

சரி மாப்ள, வர்றேன்னேன். அவன் எந்திரிச்சு எங்கையைப் புடிச்சுக்கிட்டான். அப்பறம் வாசப்படி வரைக்கும் போனவன் திரும்பி வந்து, மெதுவா, பாவாயிக்குக் கேக்காமக் கேட்டான்.

"உமி முச்சூடும் நின்னு எரிஞ்சுதுன்னா, அடுத்த கணக்குல எங்களுக்கு எத்தனைங்க மச்சான் வரும்?"

"சைபரு மாப்ள."

அவன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கோணும். அந்தப் பதினோராயிரத்து அறுநூறைப் பெரிய எழுத்துல அடிச்சுக் கண்ணாடி போட்டுப் பாய்லர் ரூம்புல மாட்டி வெச்சிருக்கறானாம். செருப்பைப் போட்டான், கழட்டுனான், மறுபடியும் போட்டான். "கூடக் கொஞ்சமே கொஞ்சம் நிலக்கரியும் சேத்துக்கலாமுங்களா மச்சான்? சைபரு மட்டும் வேண்டாமுங்க, எரிக்காட்டியும் ரிஜிஸ்டர்ல வேணும்னா..."ன்னு இழுத்தான்.

நான் அவன் தோள்ல கைய வெச்சேன். "தப்பு மாப்ள. கவர்மெண்டை ஏமாத்தப்படாது. ஒலகத்துக்கே கெடுதல்"னேன். சொல்றப்ப எனக்கே சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துதுங்க, பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டேன்.